நிரூபிக்கும் சுமை யாருடையது?

1961 முதல் 1971 வரை அமெரிக்கப் படை வியட்நாமின் காடுகள் மீதும் வயல்கள் மீதும் களைக்கொல்லிகளைத் தூவியது. அவற்றுள் ஏஜென்ட் ஆரஞ்சில் கலந்திருந்த டையாக்சின், அம்மண்ணின் மக்களையும் அங்கு அனுப்பப்பட்ட அமெரிக்கச் சிப்பாய்களையும் ஒருசேரப் பாதித்தது. நாடு திரும்பி நிவாரணம் கேட்ட சிப்பாயிடம், நோய்க்குக் காரணம் நஞ்சே என்பதற்குச் சான்று கேட்டது அரசு. 1984-இல் டவ், மான்சான்டோ உள்ளிட்ட கம்பெனிகள் பொறுப்பை ஏற்காமலே 18 கோடி டாலருக்கு வழக்கை முடித்துக்கொண்டன.

முன்னாள் படைவீரர்களின் நெடிய போராட்டத்தால் 1991-இல் சட்டம் வந்தது. வியட்நாமில் பணிபுரிந்தவருக்குப் பட்டியலிலுள்ள நோய் வந்தால், அது பணியின் விளைவே எனக் கொள்ளப்படும். நிரூபிக்கும் சுமை நோயாளியின் தோளிலிருந்து இறங்கியது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் எரிகுழிப் புகையைச் சுவாசித்தோருக்கு இவ்வுரிமையை விரிவாக வழங்கிய சட்டம் 2022-இல்தான் வந்தது. நஞ்சுண்ட வியட்நாம் மக்களின் வழக்கையோ அமெரிக்க நீதிமன்றம் 2005-இல் தள்ளுபடி செய்தது. 2009-இல் உச்சநீதிமன்றமும் விசாரிக்க மறுத்தது. ஏகாதிபத்திய நீதியின் எல்லை அதுவே.

நம் நாட்டிலும் இக்கேள்வி உண்டு. பணியில் சேரும்போது பதிவாகாத நோயால் படைவீரர் விடுவிக்கப்பட்டால், அதைப் பணியால் வந்ததாகவே கருதவேண்டும், நிரூபிக்கும் பொறுப்பு அவருடையதன்று என 2013-இல் நமது உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும், ஊன ஓய்வூதியத்தை எதிர்த்து ஒன்றிய அரசு மேல்முறையீடுகளைத் தொடுத்தவண்ணம் உள்ளது. மேடையில் வீரவணக்கம், நீதிமன்றத்தில் எதிர்வாதம்!

ஆபத்தில் நிறுத்தியவரே மறுப்புக்குச் சான்று தரவேண்டும். சீருடை அணிந்தவருக்கும், ஆலையிலும் சுரங்கத்திலும் நஞ்சைச் சுவாசிக்கும் தொழிலாளிக்கும் இந்நெறி ஒன்றே. மேல்முறையீடுகளை ஒன்றிய அரசு உடனே திரும்பப் பெறவேண்டும்.