காலி மருந்து டப்பா எங்கே போகிறது?

2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலி மருந்து வைத்த வீட்டில் ஏசி போட்டுத் தூங்கிய இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். வழக்கு, கைது எல்லாம் உடனே நடந்தன. நடக்க வேண்டியதுதான்.

கரடியூர்ப் பக்கத்துக் காப்பித் தோட்ட லைன் வீடுகளைப் பற்றி யார் பேசுவது? வீடும் முதலாளியுடையது, மருந்தும் அவருடையது. தண்டுத் துளைப்பானுக்கு மருந்து அடித்துவிட்டு அதே சட்டையோடு பிள்ளையைத் தூக்குகிறவர்கள் தலித்துகளும் மலைவாழ் மக்களும். மருந்து அடிப்பவருக்குப் பாதுகாப்பு உடை வேண்டும் என்று 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகள் சொல்கின்றன. காலி டப்பாவை உடைத்து, குடியிருப்புக்குத் தள்ளிப் புதைக்கச் சொல்வதும் அவைதான். அந்த டப்பா கழுவப்பட்டு, தண்ணீர் பிடிக்க லைன் வீட்டுக்கே வருகிறது. அறியாமை என்பார்கள். குடம் வாங்க யோசிக்கும் கூலி என்பேன் நான்.

பூச்சிமருந்து ஆய்வாளர் கடையோடு நிற்க வேண்டியதில்லை. விதிமீறல் நடப்பதாக நம்பக் காரணமிருந்தால் எந்த இடத்திலும் நுழைந்து சோதிக்க 1968-ஆம் ஆண்டுச் சட்டம் அவருக்கு அதிகாரம் தருகிறது. மனு எழுதத் தெரிந்த கல்லூரிப் பிள்ளைகள் இதைக் குறிப்பிட்டு எழுதி, சேலம் ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். ரசீதையும் கேட்டு வாங்குங்கள்.