செல்போனில் தோல் வேலை கற்க முடியுமா? கைக்கு வராது, உயிரைக் காக்கும்!

சென்னை,

குரோம்பேட்டை ஸ்டேஷனில் தினமும் ஆயிரக்கணக்கானோர் ஏறி இறங்குகிறார்கள். ஊருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? அங்கே இருந்த குரோம் தோல் தொழிற்சாலையால் வந்தது!

தோலுக்கும் சென்னைக்கும் அவ்வளவு பழைய உறவு. பெரியமேட்டில் தோல் வியாபாரம். அடையாறில் 1948-ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். ரெயில் ஏறினால் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று டேனரிகளும் ஷூ கம்பெனிகளும்.

இந்தத் தொழிலுக்கும் செல்போன் வகுப்பு வந்துவிட்டது.

2020 மார்ச் மாதம் கொரோனா ஊரடங்கு வந்தது. ஐ.டி.ஐ.க்கள் மூடப்பட்டன. லேத், வெல்டிங் பாடங்கள்கூட செல்போனுக்குள் புகுந்தன. ஊரடங்கு போய்விட்டது, வகுப்பு போகவில்லை. 2017-ல் வந்த "ஸ்வயம்", 2023-ல் வந்த "ஸ்கில் இந்தியா டிஜிட்டல்" என்று மத்திய அரசே இணைய வகுப்புகளுக்கு வழி செய்து இருக்கிறது.

வீட்டில் இருந்தபடியே படிக்கலாம். பஸ் செலவு இல்லை. நல்லதுதான். ஆனால் தொட்டியில் கை வைக்காமல் தோல் வேலை வருமா?

விரலில் இருக்கும் வித்தை

உப்புத் தோலை ஊற வைக்கிறார்கள். சுண்ணாம்பும் சல்பைடும் போட்டு மயிரை நீக்குகிறார்கள். சதையைச் சீவுகிறார்கள். பிறகு உப்பும் ஆசிட்டும் கலந்த தண்ணீர். அதன் பிறகு டிரம்மில் குரோம் ஏற்றுகிறார்கள்.

பதம் வந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? ஓரத்தில் கொஞ்சம் வெட்டிப் பார்ப்பார்கள். நீலம் நடுவரை போயிருக்க வேண்டும். அந்தத் துண்டை 2 நிமிஷம் கொதிக்கும் தண்ணீரில் போடுவார்கள். சுருங்காமல் இருந்தால் பாஸ்! சுருங்கினால் டிரம் இன்னும் ஓட வேண்டும்.

இதை எல்லாம் வீடியோவில் அழகாகக் காட்டலாம். புரியாவிட்டால் நிறுத்தி, திரும்பவும் பார்க்கலாம். மேஸ்திரியிடம் "இன்னொரு தடவை சொல்லுங்கண்ணே" என்று பத்து முறை கேட்க முடியுமா?

ஆனால் ஷூவுக்குத் தோல் வெட்டுகிறவரைப் பாருங்கள். முதுகுப் பக்கம் தோல் கெட்டியாக இருக்கும். வயிற்றுப் பக்கம் தொளதொள என்று இருக்கும். எந்தப் பக்கம் எவ்வளவு இழுக்கும் என்று விரலால் தடவிப் பார்த்துதான் கத்தி வைப்பார். தப்பாக வைத்தால் ஷூ சீக்கிரமே கோணிப் போகும், தோலும் நஷ்டம். கண்ணாடித் திரையைத் தடவினால் இந்த வித்தை வராது!

மூக்கை நம்பினால் மோசம்

அப்படியானால் செல்போன் பாடம் வீண்தானா? இல்லை. மேஸ்திரி சொல்லித் தராததை அது சொல்லித் தர முடியும்.

தொழிலில் ஊறிய மேஸ்திரி "இப்படிச் செய்" என்பார். "ஏன்" என்று கேட்டால், "செய்டா, தானா தெரியும்" என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். ஆனால் தானாகத் தெரிந்துகொள்ளவே கூடாத ஒரு விஷயம் டேனரியில் இருக்கிறது.

சுண்ணாம்புத் தொட்டி தண்ணீரில் சல்பைடு இருக்கிறது. அதில் ஆசிட் தண்ணீர் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷ வாயு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். வாயு அதிகமானால் மூக்கு மரத்துப் போகும். நாற்றமே தெரியாது!

"நாத்தம் போயிடுச்சு, இனி பயமில்ல" என்று கழிவுத் தொட்டியில் இறங்குகிறவர் அப்படியே சாய்வார். தூக்கிவிட இறங்குகிறவரும் சாய்வார். ஒருவர் போன இடத்தில் இரண்டு மூன்று உயிர்கள் போவது இதனால்தான்.

இந்தப் பாடத்தை அனுபவத்தில் கற்றவன் திரும்பி வந்து சொல்ல மாட்டான். 5 நிமிஷ வீடியோ சொல்லும். வாயுவை அளக்கும் கருவி வைத்துப் பார்க்காமல் இறங்காதே, விழுந்தவனைத் தூக்கக் கருவியும் கயிறும் இல்லாமல் குதிக்காதே என்று படம் போட்டுக் காட்டும்.

யாருக்கு எட்டும்?

ஆனால் அந்த வீடியோ யார் கைக்குப் போகிறது? பாடம் இங்கிலீஷில் இருந்தால் தொட்டி கழுவுகிறவருக்கு என்ன பயன்? நல்ல தமிழில் வேண்டும். வட மாநிலத் தொழிலாளர்களுக்கு இந்தியிலும் வங்காளியிலும் வேண்டும்.

எப்போது படிப்பது? ஷிப்டு முடிந்து, உடம்பு வலியோடு, சொந்தக் காசில் டேட்டா போட்டா? வேலை நேரத்திலேயே, சம்பளத்தோடு கால் மணி ஒதுக்கினால்தான் பாடம் மண்டையில் ஏறும்.

சர்டிபிகேட்டிலும் கவனம் தேவை. நான்கு விடையில் ஒன்றை அமுக்கிவிட்டு வாங்கும் காகிதத்தை நம்பி டிரம்மை ஒப்படைக்க முடியாது. பாடம் செல்போனில் இருக்கட்டும். பரீட்சை டேனரியில் நடக்கட்டும். தோலை வெட்டி, கொதிக்க வைத்துக் காட்டுகிறவனுக்கே பாஸ் போட வேண்டும்.

கை கழுவ முடியாது

"வீடியோ போட்டுக் காட்டியாச்சு, இனி அவங்க பாடு" என்று முதலாளிகள் ஒதுங்கவும் கூடாது. 2015 ஜனவரி 31-ந் தேதி ராணிப்பேட்டை சிட்கோவில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்தது. சேறு பாய்ந்து, பக்கத்து தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டு இருந்த தொழிலாளர்கள் உள்பட 10 பேர் இறந்தார்கள். அவர்கள் எந்தப் பாடம் படித்திருந்தால் தப்பி இருப்பார்கள்? சுவரைப் பலமாகக் கட்டுவது கட்டுகிறவர் பொறுப்பு. அதைச் சோதிப்பது அதிகாரிகள் பொறுப்பு.

கை வேலையை மேஸ்திரி சொல்லித் தரட்டும். காரணத்தைச் செல்போன் சொல்லட்டும். இரண்டுக்கும் நேரம் கொடுப்பதும், தொட்டியைப் பத்திரமாக வைப்பதும் முதலாளி வேலை.

மூன்றில் ஒன்று குறைந்தாலும், காலையில் டிபன் பாக்சோடு போனவர் மாலையில் வீடு திரும்புவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை!