ஜாமீன் பணமும் அடிமைச் சீட்டும்

சிறைக்குப் போன பாடகர் ஒருவர் வெளியே வந்து முதல் பாட்டைப் பாடியதும் ஊர் இரண்டு கட்சியாகி விடுகிறது. ‘குற்றவாளிக்குக் கைதட்டலா?’ என்று ஒரு சாரார் கொதிக்கிறார்கள். ‘அவர் பிழைப்பை ஏன் கெடுக்கிறீர்கள்?’ என்று மறு சாரார் வாதாடுகிறார்கள். இரு சாராரும் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு. சிறைக் கதவைத் திறந்தது யாருடைய பணம்? அந்தப் பணத்துக்கு ஈடாக எழுதி வாங்கப்பட்டது என்ன?

இந்தக் கேள்வியை நாம் எழுப்பக் காரணம் உண்டு. தாராவியில் வளரும் நம் பிள்ளைகள் இன்று ராப் பாடுகிறார்கள். தாளத்தோடு வசனத்தை அடுக்கிச் சொல்லும் இந்தப் பாட்டு, அமெரிக்காவில் கறுப்பின ஏழைகள் வாழும் பகுதிகளில் பிறந்தது. 2018-இல் வெளிவந்த ‘காலா’ படத்தில் தாராவி இளைஞர்களின் ராப் ஒலித்தபோது நாம் மகிழ்ந்தோம். அந்தப் பிள்ளைகள் போட்டுக்கொள்ளும் பனியன்களில் டுபாக் ஷகூர் என்ற அமெரிக்கப் பாடகரின் முகத்தைக் காணலாம். முகத்தை அறிந்த பிள்ளைகள், அவர் சிறையில் போட்ட கையெழுத்தின் கதையையும் அறிய வேண்டும்.

டுபாக்கின் தாய் அஃபேனி ஷகூர், கருஞ்சிறுத்தைக் கட்சியைச் சேர்ந்தவர். அந்தக் கட்சியின் பெயரைத்தான் 1972-இல் மும்பையில் தலித் பேந்தர் இளைஞர்கள் தங்களுக்குச் சூட்டிக்கொண்டார்கள். நியூயார்க்கில் சதி வழக்கில் சிக்கவைக்கப்பட்ட அஃபேனி, நிறைமாதக் கர்ப்பிணியாக நின்று தமக்குத் தாமே வாதாடி 1971 மே மாதம் விடுதலை பெற்றார். அடுத்த மாதம் பிறந்த பிள்ளைதான் டுபாக். பிழைப்புக்காக அந்தக் குடும்பம் நியூயார்க்கிலிருந்து பால்டிமோருக்கும், அங்கிருந்து கலிபோர்னியாவுக்கும் இடம் பெயர்ந்தது. வாடகை வீடும் மாறும் பள்ளியும் நமக்குத் தெரியாத வாழ்க்கையா?

அந்தப் பிள்ளை ஏழைத் தாய்மார்களின் துயரத்தைப் பாடினார். கைவிடப்பட்ட பெண்களுக்காகப் பாடினார். அதே பாடகர்தான், ஓட்டல் அறையில் ஓர் இளம் பெண்ணைப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கியதாக 1994 டிசம்பரில் நியூயார்க் நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டார். தாம் குற்றமற்றவர் என்றே அவர் கடைசிவரை கூறினார். சான்றாயர்கள் அதை ஏற்கவில்லை. ஒன்றரை ஆண்டு முதல் நாலரை ஆண்டு வரை சிறை என்று 1995 பிப்ரவரியில் தண்டனை விதிக்கப்பட்டது.

அவர் சிறையிலிருந்தபோதே வெளிவந்த இசைத்தொகுப்பு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஆனால் மேல்முறையீட்டுக் காலத்துக்கான ஜாமீன் தொகை 14 லட்சம் டாலர். அவரால் அதைக் கட்ட முடியவில்லை. அந்த நேரம் பார்த்து வந்தது ‘டெத் ரோ’ என்ற கம்பெனி. தூக்குத் தண்டனைக் கைதிகளை அடைத்து வைக்கும் கொட்டடி வரிசை என்பதுதான் அந்தப் பெயரின் பொருள்! ஜாமீனுக்குப் பணம் ஏற்பாடானது. பதிலுக்கு மூன்று தொகுப்புகள் பாடித் தருவதாகக் கையால் எழுதிய ஒப்பந்தத்தில் சிறைக்குள்ளேயே கையெழுத்து வாங்கப்பட்டது. கம்பெனியின் வக்கீலே பாடகருக்கும் வக்கீலானார். வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் ஒரே ஆள் பத்திரம் எழுதினால் அந்தப் பத்திரம் யார் பக்கம் சாயும்?

1995 அக்டோபர் 12-ஆம் நாள் டுபாக் வெளியே வந்தார். நேரே லாஸ் ஏஞ்சல்ஸ் போய் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்தார். டிசம்பரில் ‘கலிபோர்னியா லவ்’ வெளிவந்தது. ஆட்டமும் கொண்டாட்டமுமான அந்தப் பாட்டு, 1996 கோடையில் அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்துக்கு ஏறியது. ஜாமீனில் வந்த சேதியே பாட்டில் பெருமையாகச் சொல்லப்பட்டது. சிறையும் சரக்கானது. அந்தப் பெண்ணின் துயரத்துக்கு அந்தக் கொண்டாட்டத்தில் இடமில்லை.

முதலாளிகளின் ஒழுக்கத்தையும் பாருங்கள். ராப் பாட்டுகள் ஆபாசம், வன்முறை என்று கண்டனம் எழுந்ததும் டைம் வார்னர் கம்பெனி, டெத் ரோவின் சரக்கை விற்ற இன்டர்ஸ்கோப்பிலிருந்த தன் பங்கை 1995-இல் விற்று விலகியது. சில மாதங்களுக்குள் எம்.சி.ஏ. என்ற மற்றொரு பெரிய கம்பெனி பங்கு வாங்கி உள்ளே வந்தது. கைதான் மாறியது. கல்லாப்பெட்டி மூடப்படவில்லை.

1996 பிப்ரவரியில் 27 பாட்டுகள் கொண்ட இரட்டைத் தொகுப்பு வந்தது. டுபாக் இரவு பகலாக உழைத்தார். ஆகஸ்டில் அந்த வக்கீலை விலக்கினார். செப்டம்பரில் லாஸ் வேகாஸ் தெருவில் சுடப்பட்டு, 13-ஆம் நாள் உயிர் நீத்தார். வயது 25. சிறையைவிட்டு வந்து பதினோரு மாதம்தான் ஆகியிருந்தது. கோடிக்கணக்கில் விற்ற அந்தக் குரலுக்கு உரியவர் தங்களுக்குக் கடன் பாக்கி வைத்திருப்பதாகக் கம்பெனி கணக்குக் காட்டியது! மகன் பாடிவைத்துப் போன பாட்டுகளுக்காகத் தாய் 1997-இல் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது.

இனி அந்த இரு சாராருக்கும் நம் பதில். பாட்டு நன்றாயிருப்பதால் குற்றம் கழுவப்படாது. பாதிக்கப்பட்ட பெண்ணை மறந்துவிட்டுப் பாடகருக்கு மாலை போடுவது நீதியாகாது. அதே நேரத்தில், சிறைக்குப் போனவர் உழைத்துப் பிழைக்கக் கூடாது என்பதும் நீதியாகாது. மக்கள்தொகையில் எட்டில் ஒரு பங்கினரான கறுப்பர்கள், அன்றைய அமெரிக்கச் சிறைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர். அவர்களில் எத்தனை பேருக்கு 14 லட்சம் டாலர் கொண்டு வந்து ஒரு கம்பெனி கதவைத் திறந்தது? குரல் விற்கும் என்றால் ஜாமீன், விற்காது என்றால் கொட்டடி. இந்த ஏற்பாட்டைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

இது கடல் கடந்த கதை என்று ஒதுக்க முடியுமா? நம் வீட்டில் ஒருவர் போலீசில் சிக்கினாலோ, பிள்ளைக்கு நோய் வந்தாலோ, மகளுக்குக் கல்யாணம் வைத்தாலோ முதலில் நாம் போய் நிற்பது மேஸ்திரியின் வாசலில். அவர் மறுக்காமல் அட்வான்ஸ் கொடுக்கிறார். வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குகிறார். பிறகு இரண்டு வருஷம் கணக்குத் தீர்வதில்லை. அந்தச் சீட்டுக்கும் சிறையில் எழுதிய சீட்டுக்கும் தொகையில்தான் வேறுபாடு.

2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நான்கில் மூவர் தீர்ப்புக்குக் காத்திருந்த விசாரணைக் கைதிகள். ஜாமீன் கிடைத்தும் பணம் கட்ட வழியில்லாத ஏழைகளும் அவர்களில் உண்டு. சட்டம் நமக்கு முற்றிலும் கைகொடுக்காமல் இல்லை. முன்பணத்தைக் காட்டி ஒருவரை வேலையைவிட்டுப் போகவிடாமல் கட்டிப்போடுவது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். அந்தக் கடனும் செல்லாது. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிச் சட்டப்படி காவலில் இருப்பவர், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர் ஆகியோர் இலவசமாக வக்கீல் கேட்டுப் பெறலாம். மாவட்ட நீதிமன்றத்தில் இயங்கும் சட்டப்பணிகள் ஆணையத்தில் மனுக் கொடுத்தால் போதும். இது தருமமன்று, உரிமை.

ஆகவே தோழர்களே, தாய்மார்களே! ஆபத்து நேரத்தில் நீட்டப்படும் எந்தத் தாளிலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கைநாட்டும் வைக்காதீர்கள். தாளைச் சங்கத்துக்கு எடுத்து வாருங்கள். படித்துச் சொல்ல நம்மில் ஆள் உண்டு. பாடுகிற பிள்ளைகளுக்கும் இதையே சொல்லுகிறோம். பாடுங்கள், உரக்கப் பாடுங்கள். உங்கள் குரலுக்கு விலை பேச ஒருவன் வரும்போது மட்டும் தனியாகப் போய் உட்காராதீர்கள்.