பேராசிரியருக்குக் கடிதம் எழுதத் தரகர் எதற்கு?

தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் ஆண்டாப் ஹில்லிலும் ‘வெளிநாட்டுப் படிப்பு, விசா, வங்கிக் கடன் எல்லாம் ஒரே இடத்தில்’ என்ற விளம்பரப் பலகைகளை இப்போது நிறையப் பார்க்கிறோம். நம் பிள்ளைகள் அந்தக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போகிறார்கள். வெளியே வரும்போது கையில் ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் அனுமதிக் கடிதம் இருக்கிறது. தலையில் 20 லட்சமோ 30 லட்சமோ கடன் இருக்கிறது. ஊரில் தாத்தா கட்டிய வீட்டின் பத்திரம் அந்தக் கடனுக்காக வங்கிக்குப் போகிறது. தோல் பட்டறையிலும் இட்லிக் கூடையிலும் உழைத்துச் சேர்த்த சொத்து அது.

பிள்ளைகள் வெளிநாடு போய்ப் படிக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நன்றாகப் போகட்டும். ஆனால் ஒன்று கேட்கிறோம். தரகர் ஏன் கட்டணம் கட்டிப் படிக்கும் முதுகலைப் படிப்பை மட்டுமே காட்டுகிறார்? அமெரிக்காவில் அறிவியல், பொறியியல் துறைகளில் பிஎச்.டி.க்குச் சேரும் மாணவரிடம் பெரும்பாலும் கட்டணம் வாங்குவதில்லை, மாதாமாதம் உதவித்தொகையும் கொடுக்கிறார்கள் என்பதை ஏன் சொல்வதில்லை? நான்கு வருடம் பி.இ. முடித்தவர் முதுகலை இல்லாமலே அதற்கு நேராக விண்ணப்பிக்கலாம் என்பதை ஏன் சொல்வதில்லை? காரணம் எளிது. கட்டணம் கட்டும் மாணவரைச் சேர்த்துவிட்டால் பல பல்கலைக்கழகங்கள் தரகருக்குக் கமிஷன் தருகின்றன. கட்டணமே கட்டாத மாணவரால் அவருக்கு என்ன லாபம்?

அந்த ஆராய்ச்சிப் படிப்பின் வாசலில்தான் பேராசிரியருக்கு எழுதும் கடிதம் நிற்கிறது. படித்தவர் வீடுகளில் இது பரம்பரை வித்தை. மாமா அமெரிக்காவில் இருப்பார், அத்தை மகள் ஜெர்மனியில் இருப்பாள். யாருக்கு எழுதுவது, எப்போது எழுதுவது, எழுதியதில் எந்த வரியை வெட்டுவது என்பதெல்லாம் சாப்பாட்டு நேரத்திலேயே பேசி முடிந்துவிடும். நம் வீடுகளில் அந்தப் பேச்சு இல்லை. நம் பிள்ளைகள் அறிவில் குறைந்தவர்களா? சொல்லிக்கொடுக்க ஆளில்லை, அவ்வளவுதான்.

எல்லா இடத்திலும் இந்தக் கடிதம் வேலை செய்யாது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டணம் கட்டிப் படிக்கும் முதுகலைக்கு அநேகமாகப் பயனில்லை; அங்கே முடிவு செய்வது சேர்க்கைக் குழு. அமெரிக்காவில் பிஎச்.டி.க்கும் பல துறைகளில் குழுதான் முடிவு செய்கிறது. ஆனாலும் ஆய்வுக்கூடம் நடத்தும் பேராசிரியர்கள் பலர் தங்கள் ஆய்வு நிதியிலிருந்துதான் மாணவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். அடுத்த ஆண்டு அவர் ஆள் எடுக்கிறாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. 2025இல் அமெரிக்க அரசு ஆராய்ச்சி நிதியில் கைவைத்த பிறகு பல பல்கலைக்கழகங்கள் ஆராய்ச்சி மாணவர் சேர்க்கையைக் குறைத்தன. கேட்காமலே விண்ணப்பக் கட்டணத்தைக் கட்டிவிட்டு ஏமாற வேண்டாம். ஜெர்மனியில் வழிகாட்டும் பேராசிரியரைப் பெரும்பாலும் மாணவரே தேடிப் பிடிக்க வேண்டும். பல ஆராய்ச்சி இடங்கள் சம்பள வேலையாகவே விளம்பரம் செய்யப்படுகின்றன. ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் பல துறைகளில் ஒரு பேராசிரியர் சம்மதிக்காமல் விண்ணப்பம் நகராது. ஜப்பான் அரசின் உதவித்தொகைக்குத் தூதரகம் வழியாகப் போகிற ஆராய்ச்சி மாணவர், முதல் கட்டத் தேர்வு முடிந்ததும் அந்நாட்டுப் பல்கலைக்கழகத்திடம் ஏற்புக் கடிதம் கேட்டு வாங்க வேண்டும். இப்படி நாட்டுக்கு நாடு, துறைக்குத் துறை வழக்கம் மாறுகிறது. ஆகவே துறையின் இணையப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் பேனாவை எடுக்க வேண்டும். முன்கூட்டி யாருக்கும் எழுதாதீர்கள் என்று அங்கே போட்டிருந்தால் எழுதக் கூடாது.

இனிக் கடிதத்துக்கு வருவோம். சங்கத்துக்கு வரும் பிள்ளைகள் காட்டும் கடிதங்களைப் படித்தால் மனம் கனக்கிறது. அத்தனையும் மனுக்கள்! அது அவர்கள் குற்றமில்லை. நம் குடும்பங்களுக்குத் தெரிந்த எழுத்து மனு ஒன்றுதான். ரேஷன் கார்டுக்கு மனு, குழாய்த் தண்ணீருக்கு மனு, போட்டோ பாஸுக்கு மனு, கவுன்சிலருக்கு மனு. தலைமுறையாக மனு எழுதிப் பழகிய கை அது. அதனால் பேராசிரியருக்கும் ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று தொடங்கி, ‘தங்களின் புகழ்பெற்ற பல்கலைக்கழகம்’ என்று இரண்டு வரி புகழ்ந்து, அப்பா பட்டறைத் தொழிலாளி, ஆறு பேர் குடும்பம், கருணை காட்டுங்கள் என்று முடிக்கிறார்கள். அதையே 80 பேருக்குப் பெயரை மாற்றி அனுப்புகிறார்கள். சில சமயம் பெயரை மாற்றவும் மறந்துபோகிறது.

பேராசிரியருக்குக் கருணை இருக்கலாம். ஆனால் அவர் தேடுவது வேலை தெரிந்த ஆளை. நம் கொத்தனார் ஒரு புது மேஸ்திரியிடம் போய் எப்படிப் பேசுகிறார்? ‘ஐயா, நான் ஏழை’ என்றா? ‘அந்தக் கட்டடத்துப் பூச்சு வேலை நான் பார்த்தது, போய்ப் பாருங்கள், உங்களுக்கு ஆள் தேவையா?’ என்று கேட்கிறார். கடிதத்தின் இலக்கணமும் அதுதான். அந்தப் பேராசிரியரின் கட்டுரை ஒன்றையாவது உண்மையாகவே படித்து, அதில் எது நம்மை இழுத்தது, எந்த இடத்தில் கேள்வி எழுந்தது என்று மூன்று வரி. நம் புராஜெக்டில் நம் கையால் செய்தது எது என்று மூன்று வரி. அடுத்த ஆண்டு மாணவர் எடுக்கிறீர்களா என்று ஒரு வரி. மதிப்பெண் பட்டியலும் தன்விவரக் குறிப்பும் இணைப்பாக. அதற்கு மேல் நீட்டினால் படிக்க அவருக்கு நேரமிருக்காது.

கட்டுரை வாங்கப் பணத்துக்கு எங்கே போவது என்று கேட்கலாம். கணிதம், இயற்பியல், கணினித் துறைகளில் ஆர்க்கைவ் என்ற இணையக் களஞ்சியத்தில் லட்சக்கணக்கான கட்டுரைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பல பேராசிரியர்கள் தங்கள் சொந்தப் பக்கத்திலும் போட்டுவைக்கிறார்கள். இப்போது கணினியே கடிதம் எழுதித் தருகிறதே என்கிறார்கள் இளைஞர்கள். தருகிறது. எல்லோருக்கும் ஒரே மாதிரி தருகிறது, அதுதான் கோளாறு.

1913 ஜனவரி 16இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜன் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்கு எழுதியதும் இப்படிப்பட்ட கடிதம்தான். முன்பின் அறியாதவருக்கு எழுதினார். ஆண்டுச் சம்பளம் 20 பவுண்டு என்பதை ஒரு வரியில் சொன்னார். பிறகு பக்கம் பக்கமாகக் கணிதம். அதற்கு முன் கேம்பிரிட்ஜில் வேறு இரண்டு பேராசிரியர்களுக்கு எழுதிப் பலன் கிடைக்கவில்லை. இந்தக் கதையைச் சொல்லி, ‘திறமை இருந்தால் போதும்’ என்று மேடையில் முழங்குகிறார்கள். நாம் அதை ஏற்க மாட்டோம். ராமானுஜனுக்கு அதே அலுவலகத்தில் கணிதம் அறிந்த நாராயண ஐயர் மேலதிகாரியாக இருந்தார். அவருக்கும் மேலே கழகத்தின் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஆதரவாக இருந்தார். அம்பேத்கர் 1916இல் லண்டன் போனபோது, கொலம்பியாவில் அவருக்குப் பாடம் சொன்ன செலிக்மன், லண்டன் பொருளாதாரப் பள்ளியின் ஃபாக்ஸ்வெல்லுக்கு அவரை அறிமுகப்படுத்திக் கடிதம் எழுதினார். மேதைகளுக்கே பக்கத்தில் ஒரு துணை வேண்டியிருந்தது.

சரி, நல்ல கடிதம் எழுதினால் பதில் வந்துவிடுமா? அமெரிக்காவில் மில்க்மன் முதலிய மூன்று ஆய்வாளர்கள் 259 பல்கலைக்கழகங்களில் 6,500க்கும் மேற்பட்ட பேராசிரியர்களுக்கு, ஆராய்ச்சி மாணவராக விரும்புவதாக ஒரே வாசகத்தில் மின்னஞ்சல் அனுப்பிப் பார்த்தார்கள். கீழே இருந்த பெயர் மட்டும் வேறு வேறு. வெள்ளை ஆண்களின் பெயருக்குப் பதில் அதிகம் வந்தது. பெண்கள், கறுப்பர், இந்தியர், சீனர் பெயர்களுக்குச் சேர்த்துப் பார்த்தால் குறைவு. இதன் முடிவுகள் 2015இல் வெளியாயின. பதில் வரவில்லை என்று சுருண்டு படுத்துக்கொள்ளும் மகளிடம் பெற்றோர் இதைச் சொல்ல வேண்டும். இரண்டு வாரம் கழித்து ஒரு தடவை நினைவூட்டலாம். அதன் பிறகு அடுத்த பெயருக்குப் போக வேண்டியதுதான்.

அரசு உதவித்தொகை இருக்கிறதே என்பார்கள். பட்டியல் சாதியினர் முதலானோருக்கு மத்திய அரசு தரும் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 125 இடம். 2022இல், இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுக்கு அது கிடையாது என்று விதி போட்டார்கள். சாதியைப் பற்றி ஆராய நினைக்கும் பிள்ளைக்கு அங்கே கதவடைப்பு. மாநில உதவித்தொகைக்குப் போனாலோ, 1950க்குப் பின் வந்து குடியேறியவரின் சாதிச் சான்று மகாராஷ்டிரத்துச் சலுகைக்குச் செல்லாது. ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதியினர் இன்னொரு மாநிலத்தில் அந்த உரிமை கோர முடியாது என்று 2018இலும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்த நகரத்தின் தோலைப் பதனிட்டு, சாக்கடையைச் சுத்தம் செய்து, மூன்றாம் தலைமுறை வந்த பிறகும் நாம் வெளியூர்க்காரர்! பேராசிரியரின் ஆய்வு நிதி அந்தச் சான்று எந்த மாநிலத்தது என்று கேட்பதில்லை.

இதில் கஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டோம். பிஎச்.டி. என்றால் அமெரிக்காவில் ஐந்தாறு வருடம். உதவித்தொகை ஒருவர் வாழப் போதும். வீட்டுக்குப் பெரிதாக அனுப்ப முடியாது. மகனின் முதல் சம்பளத்தை எதிர்பார்த்திருக்கும் வீட்டுக்கு அது நீண்ட காத்திருப்பு. மகளென்றால் ‘கல்யாணம் எப்போது?’ என்று ஊரே கேட்கும். இவற்றை வீட்டில் உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். ஆனால் ஒரு வழிதான் இருக்கிறது என்று நம்பிக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அமெரிக்க பிஎச்.டி. விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரில் முடிகின்றன. செப்டம்பர், அக்டோபரில் கடிதங்கள் போயாக வேண்டும். ஆகவே ஆகஸ்டு மாதத்திலிருந்து ஞாயிறு மாலைகளில் சங்கத்து நூலக அறையை இதற்காகத் திறந்துவைக்க வேண்டும் என்கிறோம். இறுதியாண்டு மாணவர்கள் மதிப்பெண் பட்டியலோடும், பேராசிரியர் ஒருவரின் அச்செடுத்த கட்டுரையோடும் வரட்டும். ஒருவர் கடிதத்தை இன்னொருவர் படித்துத் திருத்தட்டும். நம் பகுதியிலிருந்து போய் இப்போது வெளிநாட்டில் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் பேராசிரியர்களுக்கு எழுதிய பழைய கடிதங்களை எங்களுக்கு அனுப்புங்கள். பெயர்களை அடித்துவிட்டு அனுப்பினாலும் சரி. பதில் வந்ததை மட்டும் பொறுக்கி அனுப்பாதீர்கள், வராததையும் சேர்த்து அனுப்புங்கள்.