ஈகை வேறு, வரி வேறு

"எம்மிடம் இன்னும் மிகுதியாக வரி தண்டுங்கள்" என்று செல்வர் ஒருவர் கேட்டால், உடனே ஓர் எள்ளற்குரல் எழும்: "அத்துணை விருப்பமெனில் நீரே முந்திக் கொடுத்துவிடலாமே! கொடாமற் பேசுவது போலிமையன்றோ?"

2011-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில், அமெரிக்கப் பெருஞ்செல்வர் வாரன் பபெட்டு, நியூயார்க்கு டைம்சு நாளிதழில் ஒரு கணக்கை வெளியிட்டார். முந்தைய ஆண்டுக்குத் தாம் நடுவணரசுக்குச் செலுத்திய வரி 69,38,744 தாலர். அது வரிக்குரிய தம் வருவாயில் 17.4 விழுக்காடே, தம் அலுவலகத்துப் பணியாளர் ஏனை இருபதின்மர்க்கோ 33 முதல் 41 விழுக்காடு என்றார். உழைப்பின் கூலிக்கு மிகுந்த வரியும், முதலீட்டின் வருவாய்க்குக் குறைந்த வரியும் சுமத்திய சட்டமே இதற்குக் கரணியம்.

"கருவூலத்துக்கு நன்கொடை விடுக்கட்டுமே" என நகைத்தனர் எதிர்ப்பாளர். அந்நாட்டுக் கருவூலம் 1843 முதல் நன்கொடை ஏற்று வருவது மெய்யே. ஆயின், ஒருவர் கொடை அவரோடு முடியும். சட்டமோ அவரையொத்த அனைவரையும் பிணிக்கும். திருவள்ளுவர் ஈகையை அறத்துப்பாலில் வைத்தார். அரசு பொருள் திரட்டிப் பகிர்வதைப் பொருட்பாலில் வைத்தார். முன்னது உள்ளத்தின் கனிவு. பின்னது ஆட்சியின் முறை. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

அங்ஙனமாயின் அச்செல்வர்மேற் குறையே இல்லையா? உண்டு. 2014 முதல் 2018 வரை அவர் செல்வம் 2,430 கோடி தாலர் பெருகிற்று என்றும், அவர் செலுத்திய வரி 2 கோடியே 37 இலக்கம் தாலரே என்றும் புரோபப்ளிக்கா என்னும் செய்தி நிறுவனம் 2021-இல் வெளிப்படுத்திற்று. பெருக்கத்தில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு! விற்காத பங்கின் விலையேற்றத்தை அச்சட்டம் வருவாயெனக் கொள்வதில்லை. அவர் 2011-இல் கேட்ட உயர்வோ வருவாய்மீதே. எனவே அது அவர் செல்வத்தின் பெரும்பகுதியைத் தீண்டாது. "நீர் ஏன் முந்திக் கொடுக்கவில்லை?" என்பதன்று, "நீர் கேட்கும் வரி உம்மைத் தொடுமா?" என்பதே அவரிடம் நாம் எழுப்பத்தக்க வினா.

அவர் பெயரால் வழங்கிய சட்டவரைவு, 2012 ஏப்பிரல் 16-இல் அமெரிக்க மேலவையில் 51 வாக்குப் பெற்றது, எதிர்த்தவை 45. ஆயினும் மேற்செல்லத் தேவையான 60 வாக்கின்றி வீழ்ந்தது. கேட்டவர் போலியா, மெய்யரா என ஊர் வழக்காடிற்று. பணியாளர் சுமை பழையபடியே இருந்தது.

கள்ளுண்பான் ஒருவன் "கள் கேடு" என்றால், கள் நன்றாகிவிடுமா? சொன்னவனை ஆராய்க; சொன்னதை அதனினும் ஆராய்க. செல்வரின் நல்லுள்ளத்தை நம்பி எந்நாடும் வாழ முடியாது. நேரிய சட்டத்தால் மட்டுமே வாழும்.