தனி ஆவர்த்தனத்துக்கு நடுவே ஒரு சிறிய இடைவேளை

மக்களே, செமஸ்டர் ரிசல்ட் வந்தாச்சு. காஸ்ட் அக்கவுண்டிங் பத்தி மட்டும் யாரும் கேக்காதீங்க. அந்தக் கடுப்பை எங்கயாவது இறக்கி வைக்கணுமில்ல? அதனால ரொம்ப நாளா மனசுல இருக்கிற ஒரு கோபத்தை இன்னிக்கு எழுதிடறேன். சங்கீதம் தெரியாதவங்களும் தாராளமா படிக்கலாம். எனக்கும் அவ்வளவா தெரியாது.

எங்க தாய்மாமா தவில் வாசிக்கிறவர். திண்டிவனத்துல எங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கார். மயிலம் பங்குனி உத்திரம், சுத்துப்பட்டு கல்யாணம், காதுகுத்துன்னு வருஷம் பூரா ஓட்டம். மார்கழியில மட்டும் கல்யாணம் கிடையாது, அதனால கையில காசும் கிடையாது. விடிகாலை கோவில் வாசிப்பு மட்டும் உண்டு. நாலு மணிக்கெல்லாம் குளிச்சு முடிச்சு அங்க இருக்கணும். ஒழுங்கா ஒம்பது மணிக்குப் படுக்க வேண்டிய மனுஷன். ஆனா படுக்க மாட்டார். ராத்திரி டிவியில கச்சேரி போடுவான், அதைப் பார்க்க எங்க வீட்டுக்கு வந்துடுவார். அவர் வீட்டு டிவியில அந்த நேரம் அத்தைக்கு சீரியல் மறுஒளிபரப்பு!

போன மார்கழியில ஒரு நாள். மணி பதினொன்றரை இருக்கும். சென்னை சபா ஒண்ணுல பதிவு பண்ணின கச்சேரி. எந்த சேனல், யார் பாடினதுன்னு சொல்லப் போறதில்ல. பாடினவங்க மேல தப்பே இல்ல. மெயின் உருப்படி. ஆலாபனை, பாட்டு, நிரவல், ஸ்வரம் எல்லாம் முடிஞ்சுது. பாடகர் மிருதங்கக்காரரைப் பார்த்துத் தலையாட்டினார். மாமா நாற்காலியில நிமிர்ந்து உக்கார்ந்தார். மிருதங்கத்துல முதல் ஆவர்த்தனம்... ரெண்டாவது...

"ஒரு சிறிய இடைவேளைக்குப் பிறகு."

மூட்டு வலிக்கு எண்ணெய். ராசிக்கல் மோதிரம். நாளைய சீரியல்ல மாமியார் விஷம் வைக்கப் போறாளா இல்லையா. திரும்ப மூட்டு வலிக்கு எண்ணெய். இந்த நேரம் பூரா மாமா நாற்காலிக் கையில விரலால தட்டிக்கிட்டே இருந்தார், விட்ட இடத்துலேர்ந்து தானே கணக்கை ஓட்டிக்கிட்டு. கச்சேரி திரும்ப வந்துச்சு. சபையே கை தட்டுது! பாடகர் பல்லவி வரியைப் பிடிச்சுப் பாடறார், மிருதங்கக்காரர் துண்டால முகம் தொடைக்கிறார். எதுக்குக் கை தட்டறாங்கன்னு எங்களுக்கு மட்டும் தெரியல.

"முடிச்சிட்டாங்களா?"ன்னார் மாமா. அப்புறம் செருப்பைத் தேடி மாட்டிக்கிட்டு, "நான் போறேன் மாப்ள, காலையில எழுந்திரிக்கணும்"னு கிளம்பிட்டார். கச்சேரி பாக்கி இருந்துச்சு.

இது நேரலையா இருந்தா மன்னிச்சு விட்டுடலாம். ஏதோ அவசரம், எங்கயோ பட்டன் தட்டிட்டாங்கன்னு சொல்லலாம். இது பதிவு பண்ணின நிகழ்ச்சி. ஒருத்தர் ஏசி ரூம்ல உக்கார்ந்து, முழுக் கச்சேரியையும் ஓட்டிப் பார்த்து, 'இதோ இந்த இடம் வேண்டாம்'னு முடிவு பண்ணி வெட்டியிருக்கார். எதை வெட்டினார்? ஆலாபனையையா? துக்கடாவையா? இல்ல. பாட்டுக்குப் பின்னாடி உக்கார்ந்து ரெண்டு மணி நேரம் உழைச்ச ரெண்டு பேருக்குக் கிடைச்ச ஒரே பத்து நிமிஷத்தை.

தனி ஆவர்த்தனம்னா என்னன்னு தெரியாத வகுப்புத் தோழர்களுக்காக: அது 'பாடறவர் தண்ணி குடிக்கிற நேரம்' இல்ல. அது ஒரு கணக்கு. ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை. மிருதங்கம் ரெண்டு ஆவர்த்தனம், அதாவது பதினாறு எண்ணிக்கை வாசிச்சு விட்டா, கடமோ கஞ்சிராவோ அதே பதினாறுல பதில் சொல்லணும். அப்புறம் எட்டு எட்டா. அப்புறம் நாலு, ரெண்டு, ஒண்ணு. இதுக்குக் குறைப்புன்னு பேர். குறைஞ்சு குறைஞ்சு வந்து கடைசியில ரெண்டு பேரும் ஒண்ணா சேர்ந்து மோரா வாசிச்சு, கோர்வையை மூணு தடவை அடுக்கி, பாட்டு எந்த இடத்துல தொடங்குதோ சரியா அந்த இடத்துல வந்து இறங்கணும். அந்த நொடியில பாடகர் வரியை எடுப்பார். நம்ம பாஷையில சொன்னா ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகிற இடம். ஒரு மாத்திரை தப்பினாலும் மொத்தக் கணக்கும் போச்சு. இப்ப யோசிங்க. நடுவுல பத்துப் பக்கத்தைக் கிழிச்சு எடுத்துட்டு, கடைசிப் பக்கத்துல டோட்டலை மட்டும் காட்டினா அதுக்குப் பேர் என்ன? நம்ம டிபார்ட்மெண்ட்ல அதைச் செஞ்சா ஜெயில்.

சேனல்காரங்களை மட்டும் திட்டறது நியாயமில்லன்னு தெரியும். இந்தப் பழக்கத்தை அவங்களுக்குக் கத்துக் கொடுத்ததே சென்னை சபாக்கள்தான். தனி ஆரம்பிச்சதும் பாதி சபை எழுந்து கேன்டீனுக்குப் போறது அங்க காலங்காலமா நடக்கிற கூத்து. பக்கவாத்தியம்னு பேர் வெச்சதோட விளைவோ என்னவோ, பக்கத்துலயே உக்கார வெச்சுட்டாங்க. மியூசிக் அகாடமி ஆரம்பிச்சது 1928-ல. மிருதங்கத்துக்குன்னு முதன்முதலா சங்கீத கலாநிதி கொடுத்தது 1966-ல, பாலக்காடு மணி ஐயருக்கு. அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டியிருந்தது அவர் மாதிரி ஒரு மேதைக்கே!

ஆனா சபாவுல எழுந்து போறவன் தன்னோட கச்சேரியை மட்டும்தான் கெடுத்துக்கறான். உக்கார்ந்து கேக்கிறவனுக்குத் தனி கிடைக்குது. டிவி அப்படி இல்ல. எழுந்து போறவனுக்காக, உக்கார்ந்திருக்கிற எல்லாரையும் சேர்த்து வெளியே தள்ளிடுது. எங்களுக்குப் போக வேற சபாவும் இல்லீங்க. சென்னையில மத்தியானக் கச்சேரி இலவசம்தான், தெரியும். திண்டிவனத்துலேர்ந்து போய் வர பஸ் இலவசமில்ல. சாயங்காலக் கச்சேரி முடிஞ்சு கோயம்பேடோ கிளாம்பாக்கமோ வந்து பஸ் பிடிச்சா வீடு சேர நடுராத்திரி. காலையில நான் விழுப்புரத்துக்கு காலேஜ் போகணும், மாமா கோவிலுக்குப் போகணும். ஆக ராத்திரி டிவிதான் எங்க சபா. சன்னலோர சீட், டிக்கெட் இல்ல, சுண்டல் அம்மா செஞ்சது :)

இங்க சிலர் கையைத் தூக்குவாங்க, 'தம்பி, விளம்பரம் இல்லாம சேனல் எப்படி நடத்தறது?'ன்னு. பி.காம் பையன்கிட்டயே கேக்கறீங்களே! விளம்பரம் வேண்டாம்னு நான் சொல்லவே இல்ல. கேபிள் டிவி விதிகள்ல ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிஷம்னு விளம்பரத்துக்கு ஒரு வரம்பு எழுதியிருக்கு. அதுவும் ஏறக்குறைய ஒரு தனியோட நீளம்தான், வேடிக்கையைப் பாருங்க. அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தையும் தாராளமா எடுத்துக்கோங்க. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல எடுத்துக்கோங்கன்னுதான் கேக்கறேன். கிரிக்கெட்ல எப்படி? ஓவர் முடிஞ்சா விளம்பரம், விக்கெட் விழுந்தா விளம்பரம். கடைசி ஓவர்ல மூணாவது பந்துக்கும் ஆறாவது பந்துக்கும் நடுவுல மூட்டு வலி எண்ணெய் போட்டுட்டு, திரும்பி வந்து தோனி கை குலுக்கறதைக் காட்டினா ஊர் என்ன பண்ணும்? அந்த சேனல் ஆபீஸ்ல ஒரு கண்ணாடி மிஞ்சுமா? கச்சேரிக்கு நாங்க கண்ணாடி உடைக்க மாட்டோம்னு தெரிஞ்சுதானே இந்த தைரியம்?

அடுத்து டிஆர்பி. 'தனி யார் பார்க்கறா, எல்லாரும் சேனல் மாத்திடுவாங்க.' ஐயா, ராத்திரி பதினொன்றரைக்குக் கச்சேரி பார்த்துக்கிட்டு இருக்கிறவன் வழி தவறி வந்தவனா? அவன் தூக்கத்தை விட்டுட்டு உக்கார்ந்திருக்கான். எட்டு மணி பிரைம் டைம்ல வெட்டினாக்கூட ஒரு லாஜிக் இருக்கு. யாரும் பார்க்காத நேரம்னு நீங்களே ஒதுக்கின நேரத்துல, மிச்சமிருக்கிற அந்த நாலு பேரையும் ஏன் விரட்டறீங்க?

ஜனங்களுக்குப் பொறுமை இல்லங்கற பேச்சையும் விட்டுடுங்க. எங்க மாவட்டத்துக்கு வாங்க. திரௌபதி அம்மன் கோவில் திருவிழான்னா பகல்ல பாரதம் படிப்பாங்க, ராத்திரி கூத்து. பத்து மணிக்கு மேல கட்டியங்காரன் வந்தா விடியற வரைக்கும் ஆட்டம். முகவீணை, ஆர்மோனியம், மிருதங்கம், டோலக்கு... குழந்தைங்க மண்ணுல தூங்கும், கிழவிங்க தூங்காது. துரியோதனன் வேஷம் திரையை விலக்கறதுக்கு முன்னாடி அடிக்கிற அடியை நடுவுல நிறுத்திட்டு எவனாவது விளம்பரம் படிக்கட்டும் பார்ப்போம். ராத்திரி பூரா நேரடி இசையை உக்கார்ந்து கேக்கிற பழக்கத்தை எங்களுக்கு எந்த சேனலும் கத்துக் கொடுக்க வேண்டியதில்ல.

பாட்டுப் போட்டி நிகழ்ச்சிகளைப் பத்தியும் ஒரு வார்த்தை. விஜய் டிவியில சூப்பர் சிங்கர் 2006-ல ஆரம்பிச்சதுலேர்ந்து எல்லா சேனல்லயும் இது மாதிரி வந்தாச்சு. மேடையில வாத்தியக்காரங்க நிஜமாவே வாசிக்கிறாங்க, அது நல்ல விஷயம், மறுக்கல. ஆனா பாட்டுல இடையிசை வரும்போது கேமரா எங்க போகுதுன்னு இனிமே கவனிங்க. புல்லாங்குழல் உயிரை விட்டு வாசிக்கும், திரையில நடுவர் கண்ணைத் தொடைப்பார். தபேலா துள்ளும், திரையில பாடின பொண்ணோட அம்மா கை கூப்புவாங்க. அழுகைக்கு க்ளோசப், விரலுக்குக் கிடையாது. மாமா இதுக்கு ஒரு கமெண்ட் வெச்சிருக்கார்: "எங்க பக்கம் கேமரா திரும்பறது கெட்டிமேளத்துக்குத்தான் மாப்ள. அப்பவும் தாலியத்தான் எடுப்பான்."

அமெரிக்காவுல 1975-லேர்ந்து ஓடற 'சாட்டர்டே நைட் லைவ்'ல வார்த்தைக்கு வார்த்தை விளம்பரம்தான், முழுக்க வியாபாரம்தான். ஆனா வந்த பேண்டு பாட ஆரம்பிச்சா பாட்டு முடியற வரைக்கும் குறுக்க யாரும் வர மாட்டாங்க. 2004-ல ஆஷ்லி சிம்ப்சன்னு ஒரு பாடகி அங்க வாயசைக்கப் போய், தப்பான பாட்டு ஒலிச்சு மானம் போச்சு. உடனே சொல்வீங்க, அவங்க பாட்டு நாலு நிமிஷம், நம்ம மெயின் உருப்படி முக்கால் மணி நேரம்னு. நியாயமான கேள்விதான், ஒத்துக்கறேன். அப்படின்னா பாட்டு முடிஞ்சு தனி தொடங்கறதுக்கு முன்னாடி வெட்டுங்க. 'இடைவேளைக்குப் பின் தனி ஆவர்த்தனம், மிருதங்கம் இன்னார், கடம் இன்னார்'னு ஒரு கார்டு போடுங்க. காத்திருப்போம். மூட்டு வலி எண்ணெய்கூட வாங்குவோம்.

'யூடியூப்ல முழுசா இருக்கே'ங்கறது கடைசி அம்பு. இருக்கு, தேடினா இருக்கு. நானே மாமாவுக்கு குன்னக்குடி வைத்தியநாதன் வயலினும் வலையப்பட்டி தவிலும் மோதிக்கிற வீடியோவை எடுத்துக் காட்டினேன். அஞ்சு இன்ச் திரையில, சொத்தை ஸ்பீக்கர்ல பார்த்துட்டு, "தொப்பி சத்தமே காணோமேடா"ன்னார். தவில்ல இடது பக்கம்தான் தொப்பி, குச்சியால அடிக்கிற பக்கம். பாதி வாத்தியம் கேக்கல! அதுவுமில்லாம போன்ல பார்க்கிறது ஒருத்தர் பார்க்கிறது. டிவி ஓடினா வேண்டாம்னு இருக்கிற என் தம்பியும் காதுல வாங்கறான். அவன் இப்ப சாப்பாட்டுத் தட்டுல குறைப்பு வாசிக்கிறான், அம்மாகிட்ட அடியும் வாங்கறான்.

2024-ல சக்தி குழுவுக்கு கிராமி வந்துச்சு. கஞ்சிரா செல்வகணேஷ் அதுல உண்டு. அவரோட அப்பா விக்கு விநாயக்ராம் கடத்தோட 1992-லயே கிராமி மேடைக்குப் போன ஆளு. எல்லா சேனலும் 'தமிழன் பெருமை'ன்னு கொண்டாடினாங்க. நானும் ஸ்டேட்டஸ் வெச்சேன். அந்த விருது எதுக்குக் கிடைச்சுதோ அதே வாசிப்பு நம்ம ராத்திரிக் கச்சேரியில வந்தா அங்கதான் கத்திரி விழுது.

வர்ற மார்கழிக்கு ஒரு வேலை செய்யப் போறேன். ஒரு லெட்ஜர் நோட்டு வாங்கி வெச்சுட்டேன். ராத்திரி கச்சேரி போடற ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு பக்கம். தனி எத்தனை மணிக்குத் தொடங்குச்சு, எத்தனை நிமிஷம் காட்டினாங்க, எங்க வெட்டினாங்க, வாசிச்சவங்க பேர் திரையில வந்துச்சா. மாசக் கடைசியில டோட்டல் போட்டு, அந்தந்த சேனலுக்கே தபால்ல அனுப்பறேன். கூட சேர விருப்பம் உள்ளவங்க, தூக்கம் வராதவங்க, சொல்லுங்க. விழுப்புரம் பக்கம் ஒருத்தர், கடலூர் பக்கம் ஒருத்தர் கிடைச்சா ரிமோட்டைப் பிரிச்சுக்கலாம்.

மாமாகிட்ட சொன்னேன். "தாளம் போடத் தெரியுமா உனக்கு? வெட்டின இடத்துல எத்தனை எண்ணிக்கை போச்சுன்னு எப்படி எழுதுவ?"ன்னார். தெரியாதுன்னேன். நாளையிலேர்ந்து சாயங்காலம் ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்கார்.