தொப்புள்கொடி ரத்தச் சேமிப்பு: யாருக்குப் பயன்?

புது தில்லி: இளம் தம்பதியர் பெருமளவில் வசிக்கும் துவாரகா போன்ற தில்லி புறநகர்ப் பகுதிகளில், பிரசவத்துக்கு முன்பே பெற்றோர் முடிவெடுக்க வேண்டிய விஷயங்களுள் ஒன்றாகிவிட்டது தொப்புள்கொடி ரத்தச் சேமிப்பு. குழந்தையின் எதிர்கால நோய்களுக்கு இது காப்பீடு என்கின்றன விளம்பரங்கள்.

இந்த ரத்தத்திலுள்ள ஸ்டெம் செல்களின் பயனை மருத்துவ உலகம் மறுக்கவில்லை. 1988-ல் பாரீஸில், ஃபான்கோனி ரத்தசோகையால் பாதிக்கப்பட்ட சிறுவன் இச்சிகிச்சையால் பிழைத்தான். ஆனால், அவனைக் காப்பாற்றியது அவனது தங்கையின் தொப்புள்கொடி ரத்தம். தலசீமியா போன்ற மரபுவழி நோயுடன் பிறக்கும் குழந்தையின் சொந்த ரத்தத்திலோ அதே குறைபாடு இருக்கும்.

இதனால்தான், சொந்தப் பயன்பாட்டுக்காகச் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் வெளியிட்ட 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள் தெரிவித்தன. குடும்பத்தில் மற்றொரு குழந்தைக்கு இச்சிகிச்சை தேவைப்படும் நிலை இருந்தால் மட்டுமே சேமிப்பில் பொருளுண்டு. வங்கிகளுக்கு அரசு உரிமம் கட்டாயம். எனினும், அது சேமிக்கும் முறைக்கான அனுமதியே தவிர, பயனுக்கான உத்தரவாதம் அல்ல.

மற்றொரு கேள்வியும் உள்ளது. பிறந்து ஒரு நிமிடமாவது கழித்தே கொடியைத் துண்டிக்க உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அதற்குள் குழந்தைக்குச் சேரும் ரத்தம் இரும்புச்சத்தைப் பெருக்குகிறது. சேமிப்புக்காக அவசரப்பட்டால் இழப்பு குழந்தைக்கே. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குள்பட்ட குழந்தைகளில் 67 சதவீதத்தினருக்கு ரத்தசோகை உள்ள நாட்டில், இது சிறிய இழப்பல்ல.